மீனுக்குக் கீரை தொடுகறியே, சோறு அல்ல

தொட்டி மீன் வளர்ப்பு பட்டணத்தாரின் பொழுதுபோக்கு என்ற நிலை மாறி வெகுகாலம் ஆகிவிட்டது. கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து அழகு பார்ப்பவர் பட்டணத்தில் இருக்கலாம். அந்த மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து, வளர்த்து, வியாபாரி கையில் கொடுப்பவர்களில் பலர் வீட்டுக் கொல்லையில் நாலு சிமெண்டுத் தொட்டி கட்டியிருக்கும் சிறு குடும்பத்தார். கொல்கத்தாவைச் சுற்றியுள்ள ஊர்களும் சென்னை கொளத்தூரும் இத்தொழிலால் பெயர் பெற்றவை. 2020-ல் மத்திய அரசு தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புற வண்ண மீன் வளர்ப்புக்கும் இடம் தரப்பட்டது. பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் 60 சதவீதமும் மானியம் என வகுக்கப்பட்டது.

மானியத்தில் தொட்டி கட்டிவிடலாம். ஆனால் தீவனச் செலவு ஒவ்வொரு நாளும் வருவது. பொட்டலத் தீவனத்தின் விலையைப் பார்த்ததும், தோட்டத்தில் கிடக்கும் காய்கறியும் கீரையும் கண்ணில் படுவது இயல்பே. இதில் இரண்டு விதமான பேச்சு நடமாடுகிறது. தீவனம் விற்பவர், "பொட்டலம் தவிர வேறெதையும் தொட்டியில் போடாதீர்கள்" என்கிறார். செலவில்லாமல் மீன் வளர்க்கலாம் என்று ஆசை காட்டுபவர், "சந்தைக் கழிவே போதும்" என்கிறார். இரண்டுமே சிறு விவசாயிக்கு நட்டம் தரும் யோசனைகள். காய்கறி மீனுக்கு நல்ல தொடுகறி, அது சோறாகிவிடாது. அந்தத் தொடுகறியும் மருந்து தெளிக்காத பாத்தியிலிருந்து வந்தால்தான் நன்மை. இல்லையேல் ஒரே இரவில் தொட்டி முழுவதும் மீன் செத்து மிதக்கும்.

எந்த மீன் எதைத் தின்னும்?

எல்லா மீனும் இலை தின்னாது. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

தங்க மீனும் கோய் மீனும் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றுக்கு இரைப்பை என்று தனியாக ஒன்று கிடையாது. தொண்டையில் உள்ள பற்களால் அரைத்து விழுங்கும் இரை நேரே குடலுக்குப் போகிறது. ஆகவே ஒரே வேளையில் வயிறு முட்டப் போடுவதைவிட, நாளில் இரண்டு மூன்று முறை சிறிது சிறிதாகக் கொடுப்பதே இவற்றுக்கு ஏற்றது. பூச்சி, புழு, இலை, பாசி எல்லாவற்றையும் தின்னும் இனமாதலால் கீரையும் வேகவைத்த காயும் இவற்றுக்கு ஒத்துக்கொள்ளும்.

மோலி மீன் பாசியை விரும்பி மேயும். கப்பி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகியவையும் ஓரளவு பச்சை இரை எடுக்கும். சில்வர் டாலர் என்னும் மீன் இலைப்பிரியன். தொட்டியில் நட்ட செடியையே மொட்டையடித்துவிடும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி சுரண்டும் சக்கர் மீன் வெள்ளரித் துண்டை இரவோடிரவாகத் தின்று தீர்க்கும். இந்தச் சக்கர் மீன் நம் நாட்டு மீன் அல்ல. பெரிதாகிவிட்டது என்று ஏரியிலோ குளத்திலோ கொண்டுபோய் விட்டுவிட்டால் பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதைச் செய்யவே கூடாது.

சண்டை மீன் புழு பூச்சி தின்னும் மீன். அதற்குக் காய்கறி போடுவதால் நீர் கெடுவதைத் தவிர வேறு பயனில்லை. ஏஞ்சல், ஆஸ்கார் ஆகியவற்றுக்கும் மாமிச இரையே முக்கியம். இவற்றை வளர்ப்பவர் கீரைப் பாத்தியை நம்பித் தீவனச் செலவைக் குறைக்க முடியாது.

கணக்குப் பார்த்தால்

வளரும் தங்க மீனுக்குக் கொடுக்கும் நல்ல உலர் தீவனத்தில் 100 கிராமுக்குச் சுமார் 35 கிராம் புரதம் இருக்கும். வெள்ளரிக்காயில் 95 சதவீதம் வெறும் தண்ணீர். புரதம் ஒரு சதவீதம்கூட இல்லை. அந்த 35 கிராம் புரதத்தை வெள்ளரியிலிருந்தே பெற வேண்டுமானால் ஐந்து கிலோவுக்கு மேல் தின்றாக வேண்டும். எந்த மீனும் அப்படித் தின்னாது. தின்றாலும் தொட்டி தாங்காது.

முருங்கைக் கீரை வேறு ரகம். பச்சைக் கீரையில் 100 கிராமுக்கு 6 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. மேலே சொன்ன அளவுக்குச் சுமார் அரை கிலோ கீரை போதும். காயவைத்துத் தூளாக்கினால் அதில் நாலில் ஒரு பங்கு புரதமாக நிற்கும். அசோலாவும் காய்ந்த நிலையில் ஏறத்தாழ இதே வரிசையில் வரும். ஆகவே "காய்கறி கொடுக்கலாமா?" என்று மொத்தமாகக் கேட்பதில் பயனில்லை. காயைவிடக் கீரை மேல். கீரையிலும் முருங்கை மேல்.

அப்படியானால் முருங்கை இலையையே முழுத் தீவனமாகப் போட்டுவிடலாமா என்றால், அதுவும் கூடாது. சீரணத்தைத் தடுக்கும் சில பொருள்கள் இலையில் இருக்கின்றன. அளவு மீறினால் மீன் தின்னும், ஆனால் வளராது. வளராத மீனைத் தொட்டியில் கூடுதலாக ஒரு மாதம் வைத்திருப்பது, தீவனத்தில் மிச்சம் பிடித்ததைவிட அதிகச் செலவு. செலவில்லாத் தீவனம் என்ற பேச்சில் மறைந்திருக்கும் நட்டம் இதுவே.

கொடுக்கும் முறை

காயைக் கழுவித் தோல் சீவி, மெல்லிய வில்லைகளாக நறுக்கி, கொதிநீரில் ஒன்றிரண்டு நிமிடம் போட்டு எடுத்து ஆறவைக்க வேண்டும். மென்மையானால்தான் மீன் கடித்து இழுக்க முடியும். பச்சையாகப் போட்ட வில்லை மிதந்துகொண்டே இருக்கும். வெந்தது அடியில் இறங்கும். இறங்காவிட்டால் நூலால் ஒரு கூழாங்கல்லில் கட்டி விடலாம். வெள்ளரி, பரங்கி, பீர்க்கு, காரட் ஆகியவை ஏற்றவை. கீரையில் தண்டை நீக்கி இலையை மட்டும் கொதிநீரில் காட்டிப் பொடியாக நறுக்கிப் போடலாம். பச்சைப் பட்டாணியை வேகவைத்துத் தோலை உரித்து நசுக்கிக் கொடுத்தால், உலர் தீவனமே தின்று வயிறு உப்பிக் கிடக்கும் தங்க மீனுக்கு மலச்சிக்கல் நீங்கும்.

உப்பு, எண்ணெய், மசாலா சேர்ந்த எதுவும் ஆகாது. குழம்பில் மிஞ்சிய காயைப் போடுவது மீனுக்குச் செய்யும் உபகாரம் அல்ல. வெங்காயம், மிளகாய், எலுமிச்சை வகைகள் வேண்டாம். கசக்கும் வெள்ளரியும் கசக்கும் சுரையும் மனிதனுக்கே ஆகாதவை. மீனுக்கும் அவை வேண்டாம்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒருவேளைத் தீவனத்துக்குப் பதிலாகக் கொடுத்தால் போதும். மாலையில் போட்டது மறுநாள் காலை வரை தொட்டியில் கிடக்கக் கூடாது. இரண்டு மூன்று மணி நேரத்தில் மிச்சத்தைச் சிறு வலையால் அள்ளிவிட வேண்டும். இரவில் மேயும் சக்கர் மீனுக்கு மட்டும் இரவில் வைத்து விடியலில் எடுக்கலாம். கிடந்து அழுகும் காய் நீரில் உள்ள பிராணவாயுவைக் குடித்துவிடும், அம்மோனியாவையும் கூட்டும். கோடையில் சூடேறிய நீரில் பிராணவாயு ஏற்கெனவே குறைவு. அப்போது ஒரு கைப்பிடி அழுகிய கீரையே பெருந்தீங்கு செய்யப் போதும்.

குஞ்சுக்கு நேராகக் கொடுக்காதீர்

முட்டையிலிருந்து வெளிவந்து நீந்தத் தொடங்கிய தங்க மீன் குஞ்சின் வாய் ஊசிமுனை அளவே இருக்கும். கீரையை எவ்வளவு அரைத்துப் போட்டாலும் அதற்குப் பயன்படாது. ஆனால் காய்கறிக் கழிவு அதற்குச் சுற்றுவழியில் உணவாகும்.

ஐம்பது லிட்டர் கொள்ளும் தொட்டியில் நீர் நிரப்பி, இரண்டு மூன்று வாழைப்பழத் தோலையோ சில முட்டைக்கோஸ் இலைகளையோ போட்டுக் கொசுவலைத் துணியால் மூடி நிழலில் வைக்க வேண்டும். இரண்டு நாளில் நீர் பால் போலக் கலங்கி நாற்றம் எடுக்கும். பாக்டீரியா பெருகியதன் அடையாளம் அது. அப்போது சுத்தமான குளத்து நீரை மெல்லிய துணியில் வடிகட்டி ஒரு குவளை ஊற்றலாம். நாலைந்து நாளில் கலங்கல் நீங்கி நீர் இளமஞ்சளாகத் தெளியும். பாக்டீரியாவைத் தின்று இன்புசோரியா என்னும் நுண்ணுயிர்கள் பெருகிவிட்டன என்று அறியலாம். அந்த நீரைச் சிறிது சிறிதாகக் குஞ்சுத் தொட்டியில் விட்டால், முதல் சில நாள்களுக்கு அதுவே குஞ்சுகளுக்குத் தாய்ப்பால். அதன் பிறகு ஆர்ட்டீமியா, மொய்னா போன்ற உயிர் இரைக்கு மாற்றலாம். குட்டி போடும் இனங்களான கப்பிக்கும் மோலிக்கும் குட்டியே பெரிதாதலால் இந்த ஏற்பாடு தேவையில்லை.

காசில்லாமல் கிடைக்கும் வாழைத்தோல், காசு கொடுத்து வாங்கும் பொட்டலத்தால் ஆகாத ஒரு வேலையை இங்கே செய்கிறது. காய்கறியின் உண்மையான சிக்கனம் இது போன்ற இடங்களில்தான் இருக்கிறது.

வீட்டுத் தீவனமும் நிறமும்

கீரையைத் தீவனத்தின் உள்ளே சேர்ப்பது இன்னும் சிறந்த வழி. ஒரு கிலோ தீவனத்துக்கு உப்பில்லாக் கருவாட்டுத் தூள் 350 கிராம், கடலைப் பிண்ணாக்கு 250 கிராம், அரிசித் தவிடு 150 கிராம், கோதுமை மாவு 150 கிராம், நிழலில் உலர்த்திய முருங்கை இலைத்தூள் 80 கிராம், வைட்டமின் - தாதுக் கலவை 20 கிராம் என்று எடுத்துக்கொள்ளலாம். வைட்டமின் கலவை நீங்கலாக மற்றவற்றை நீர்விட்டுப் பிசைந்து ஆவியில் வேகவைத்து, ஆறிய பிறகு வைட்டமின் கலவையைச் சேர்க்க வேண்டும். சூட்டில் சேர்த்தால் வைட்டமின்கள் அழியும். இடியாப்ப அச்சில் பிழிந்து, நிழலில் காயவைத்து, உடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் வைக்கலாம். இதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புரதம் நிற்கும். பிண்ணாக்கில் பூஞ்சணம் படிந்திருந்தால் தயங்காமல் ஒதுக்கிவிட வேண்டும். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்குத் தேவையானதை மட்டுமே தயாரிப்பது நல்லது.

வண்ண மீனுக்கு விலை அதன் நிறத்தில்தான். மீன் தன் உடலில் சிவப்பு, மஞ்சள் நிறப் பொருள்களைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. இரையிலிருந்துதான் பெற வேண்டும். வெளிறிய தங்க மீனை வியாபாரி பாதி விலைக்குக் கேட்பதற்கு, பல சமயம் தீவனத்தில் இந்தப் பொருள்கள் இல்லாததே காரணம். துலுக்கச் சாமந்தி எனப்படும் செண்டுமல்லிப் பூவில் அவை நிறைய உண்டு. முட்டையின் மஞ்சள் கரு நன்கு சிவக்கக் கோழித் தீவனத்தில் சேர்ப்பதும் இதன் சாறுதான். சந்தையில் விலை படுத்துப்போய்ப் பூவைப் பறிக்காமல் விடும் நாள்களில், இதழ்களை உதிர்த்து நிழலில் காயவைத்து, மேற்சொன்ன கலவையில் கிலோவுக்கு இரண்டு மூன்று தேக்கரண்டி தூள் சேர்க்கலாம். நிறம் ஒரே நாளில் ஏறாது. சில வாரங்கள் பிடிக்கும்.

இலவச இலையின் விலை

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம். காய்கறிச் சந்தையில் இலவசமாகக் கிடைப்பது எது? முட்டைக்கோஸின் வெளி இலை, காலிபிளவரின் புற இலை, சொத்தைக் கத்தரி. முட்டைக்கோஸுக்கும் காலிபிளவருக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி பகை. கத்தரிக்குத் தண்டு, காய்த் துளைப்பான் பகை. இந்தப் பூச்சிகளுக்காக அடிக்கடி மருந்து தெளிக்கப்படும் பயிர்கள் இவை. மருந்து முதலில் படிவதும் மிகுதியாகத் தங்குவதும் வெளி இலையில். ஆகக் காசில்லாமல் கிடைக்கும் கழிவே நஞ்சு மிகுந்த பகுதி. மனிதன் அந்த வெளி இலையை உரித்து எறிந்துவிட்டு உள்ளே இருப்பதைச் சமைக்கிறான். எறிந்ததைத் தொட்டியில் போட்டால் மீன் என்ன செய்யும்?

சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், லாம்ப்டா சைஹலோத்ரின் போன்ற பைரித்திராய்டு மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. மனித உடல் இவற்றை ஓரளவு விரைவாகச் சிதைத்து வெளியேற்றும். மீனுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. செவுள் வழியாகவும் நஞ்சு நேரே இரத்தத்தில் ஏறும். உச்ச நீதிமன்றம் 2011-ல் தடை செய்த எண்டோசல்பானும் மீனுக்குப் பெருங்கேடு செய்த மருந்துதான். அது போய்விட்டது என்று நிம்மதி கொள்ள இடமில்லை. கடையில் இருக்கும் பலவும் மீன் விஷயத்தில் அதற்கு இளைத்தவை அல்ல.

மருந்துப் புட்டியில் உள்ள முக்கோணத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று போட்டிருக்கும் நிறம், பாலூட்டிகளுக்கு எவ்வளவு நஞ்சு என்ற கணக்கில் வகுக்கப்பட்டது. மீனுக்கான கணக்கு அதில் இல்லை. மனிதனுக்கு அபாயம் குறைவு என்று நீலமோ பச்சையோ பெற்ற மருந்துகூட மீனைக் கொல்லலாம். மீனைப் பற்றிய எச்சரிக்கை துண்டுச் சீட்டின் பொடி எழுத்தில் இருக்கும். அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

இயற்கை மருந்து என்றால் பயமில்லை என்பதும் தவறு. புகையிலைக் கஷாயம் மீனைக் கொல்லும்; குளத்தில் வேண்டாத மீனை ஒழிக்கப் புகையிலைத் தூளைப் பயன்படுத்துவது பழைய வழக்கமே. வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்த இலையையும் உடனே பறித்துத் தொட்டியில் போடக் கூடாது.

கழுவினால் போய்விடாதா என்று கேட்கலாம். மேலே படிந்த மருந்தில் ஒரு பகுதி போகும். செடியின் சாற்றில் ஊடுருவும் மருந்துகள் கழுவினாலும் போகா, தோல் சீவினாலும் முழுதும் போகா. சந்தையில் வாங்கிய காயைத்தான் கொடுத்தாக வேண்டும் என்றால், தோலைக் கனமாகச் சீவி, கொதித்த நீரைக் கொட்டிவிட்டு, முதலில் ஒரே ஒரு சிறு தொட்டியில் கொடுத்து ஒரு நாள் கவனிக்க வேண்டும். மீன் மேல்மட்டத்தில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது, தாறுமாறாகப் பாய்வது, பக்கவாட்டில் சாய்வது ஆகியவை அபாய அறிகுறிகள். உடனே காயை அகற்றி, பாதி நீரை மாற்றி, காற்றுக் குழாயை முடுக்கிவிட வேண்டும். மருந்து தெளித்த கையோடும் தெளிப்பானைக் கழுவிய வாளியோடும் தொட்டிப் பக்கம் போகவே கூடாது.

தொட்டி ஓரத்தில் ஒரு பாத்தி

இதற்குத் தீர்வு கடினமானது அல்ல. தொட்டி கட்டும்போதே அதன் ஓரத்தில் அரை சென்ட் நிலத்தை மருந்து படாத பாத்தியாக ஒதுக்கிவிட வேண்டும். ஒரு முருங்கை, சிறிது சிறுகீரை, வேலியில் ஒரு பரங்கிக் கொடி, வரப்பில் பத்துச் செண்டுமல்லி, நிழலில் ஒரு அசோலாக் குழி. ஏழெட்டுத் தொட்டிக்கு இது தாராளம். பூச்சி அரித்த இலையை மீன் ஒதுக்காது. ஓட்டை விழுந்த கீரைக்கு அதனிடம் விலை குறையாது. அழகுக்காக மருந்து அடிக்க வேண்டிய கட்டாயம் இல்லாத ஒரே வாடிக்கைக்காரர் மீன்தான்.

வாரந்தோறும் தொட்டியில் நாலில் ஒரு பங்கு நீரை மாற்றும்போது, வெளியேற்றும் நீர் இந்தப் பாத்திக்கே உரமாகும். மீன் கழிவில் உள்ள தழைச்சத்தைக் கீரை எடுத்துக்கொள்ளும். ஆனால் நோய்க்காக உப்போ மருந்தோ கலந்த நீரைப் பாத்தியில் விடக் கூடாது. மாலகைட் கிரீன் போன்ற சாயமருந்து கலந்த நீர் மனிதன் தின்னும் கீரைக்கு ஆகவே ஆகாது.

வண்ண மீன் பயிற்சி நடத்தும் இடங்களில் தொட்டியின் நீள அகலமும், மீனின் இனமும், மானிய விண்ணப்பமும் சொல்லித் தந்தால் மட்டும் போதாது. பூச்சிமருந்துக்கும் மீனுக்கும் உள்ள பகையைப் பற்றி அரைநாள் வகுப்பு வேண்டும். வேளாண்மைத் துறை அலுவலர் தோட்டத்துக்கு மருந்து சொல்கிறார். மீன்வளத் துறை அலுவலர் தொட்டிக்குத் தீவனம் சொல்கிறார். தோட்டமும் தொட்டியும் ஒரே கொல்லையில், ஒரே குடும்பத்தின் கையில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். வேளாண் அறிவியல் நிலையங்கள் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம்.

இதில் மீனைத் தாண்டிய ஒரு செய்தியும் இருக்கிறது. தன் தோட்டத்துக் கீரையைத் தொட்டியில் போட ஒரு விவசாயி தயங்குகிறார் என்றால், அதே கீரையை வீட்டு அடுக்களைக்கு அனுப்பும்போதும் ஒரு கணம் யோசிக்க வேண்டும். தெளித்த மருந்து எது, தெளித்து எத்தனை நாள் ஆயிற்று, அறுவடைக்கு முன் விட வேண்டிய இடைவெளி விடப்பட்டதா என்ற மூன்று கேள்விகளும் மீனுக்கு மட்டும் உரியவை அல்ல. மீன் அளவில் சிறியது, சீக்கிரம் சாகிறது, அதனால் உடனே தெரிந்துவிடுகிறது. பிள்ளைகளின் உடம்பில் சிறுகச் சிறுகச் சேர்வது உடனே தெரிவதில்லை. மருந்து படாத அரை சென்ட் பாத்தி மீனுக்காகப் போடப்பட்டாலும், அதில் பறிக்கும் கீரையில் முதல் பங்கு வீட்டுக்குப் போகட்டும். இரண்டாம் பங்கு தொட்டிக்குப் போகட்டும்.